ஏரிக்குப் பெங்களூர் தண்ணீர் வந்தாச்சு, தக்காளி வைக்கலாமா?

தங்கவயல்காரன்

வணக்கம். பங்காருபேட்டைப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது அப்பா கைக்கு வந்த பணத்தில் வாங்கிய நிலம் இது. ஆக, விவசாயம் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைப் பழக்கம்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் போர்வெல் 900 அடி. அது செத்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டாவது 1,350 அடி. அதிலும் அரை மணி நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. எங்கள் ஏரியில் நான் தண்ணீர் பார்த்ததே குறைவு. கிரிக்கெட் ஆடியதெல்லாம் அதன் நடுவில்தான். இப்போது கே.சி. வேலித் தண்ணீர் வந்து ஏரி நிரம்பி நிற்கிறது. போர் மூன்று மணி நேரம் விடாமல் ஓடுகிறது.

இந்த வருஷம் இரண்டு ஏக்கர் தக்காளி வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் ஒரே கேள்வி: "பெங்களூர்க்காரன் கக்கூஸ் தண்ணியில வெளஞ்சத நம்ம பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு

வேலி என்றதும் ஏதோ முள்வேலித் தகராறு என்று உள்ளே வந்தேன். என்ன திட்டம் அண்ணே அது?

தங்கவயல்காரன்

கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கு. அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் கே.சி. வேலி. பெங்களூர் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, குழாயில் ஏற்றி, கோலார் மாவட்ட ஏரிகளில் விடுகிறார்கள். ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும். 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே நுரை பொங்கியது, உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, பிறகு அனுமதித்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தடை. அதுவும் அப்புறம் நீங்கியது. திட்டத்தை நடத்துவது சிறு நீர்ப்பாசனத் துறை.

பாலாறு

அந்த "சிறு"வுக்கும் "நீரு"க்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. விட்டுப்போனால் அண்ணி சொன்னது சரி என்று ஆகிவிடும்.

வண்டல்

தம்பி, மண் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தக்காளிக்குப் போவதற்கு முன் மூன்று கேள்வி.

உங்கள் போரில் வருவது ஏரித் தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும்? ஏரிக்கும் போருக்கும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சரிவு? தண்ணீரைச் சோதித்தீர்களா?

மூன்றாவதற்கு "இல்லை" என்றால் மற்ற இரண்டுக்கும் பதில் வேண்டாம். முதலில் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நொய்யல் கரை

ஏனுங்க, யாரும் நம்பாதீங்க. நான் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கிறவன். 1992-ல் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள். சில வருஷத்தில் அணையில் நின்றது தண்ணீர் இல்லை, கலர். பாசனத்துக்குக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் விடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? எங்கள் தென்னையில் இளநீர் வெட்டினால் கரிக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

அப்போதும் "சுத்திகரித்துத்தான் விடுகிறோம்" என்றுதான் சொன்னார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லும் வரைக்கும் அதே பாட்டு. அதற்குள் எங்கள் மண் போய்விட்டது. நெல்லும் மஞ்சளும் விளைந்த காட்டில் இன்றைக்குப் புல்லும் யோசித்துத்தான் முளைக்கிறது.

சுத்திகரித்த தண்ணீர் என்று யாராவது சொன்னால், அவரையே ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்க.

வண்டல்

நொய்யல்காரர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. அங்கிருந்து வந்த மண்ணை நானே கையில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது வேறு தண்ணீர் ஐயா. சாயம் ஏற்றக் கிலோக்கணக்கில் உப்புப் போடுகிறார்கள். துணியில் சாயம் ஒட்டிக்கொள்ளும், உப்பு அப்படியே வெளியே வரும். சோடியம் மண்ணில் ஏறினால் களி இறுகும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சு விடாது.

வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் உப்பு அவ்வளவு இருக்காது. அங்கே கவலை கிருமி, நைட்ரஜன், சோப்பு. "மறுசுழற்சித் தண்ணீர்" என்று ஒரே பெயரில் அழைப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். எந்தச் சாக்கடை, எதுவரை சுத்தம் செய்தது, நடுவில் எவன் எதைக் கலந்தான், இந்த மூன்றும் தெரியாமல் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

கே.சி. வேலியில் நடப்பது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு. கசடு வடியும், நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், அவ்வளவுதான். மூன்றாம் நிலை வேண்டும் என்று கோலார்க்காரர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். பெங்களூரில் முலாம் பூசும் சின்னச் சின்னப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவை ராத்திரியில் எதைச் சாக்கடையில் திறந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உலோகங்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்த அளவில் நொய்யல்காரர் பயம் எனக்கும் உண்டு.

மாடிவீட்டுக்காரி

கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன். நான் பெல்லந்தூர்ப் பக்கம் பதினோராவது மாடி. நாங்கள் அனுப்புவதுதான் உங்கள் ஏரியில் நிற்கிறது.

இந்தத் தண்ணீர் வரும் வழியை நினைத்தால் தலை சுற்றும். காவிரியிலிருந்து நூறு கிலோமீட்டர், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நான் அதில் ஒரு வாளியைக் குளியலறையில் ஊற்றிவிட்டு ஆபீஸ் போகிறேன். முன்பு அது நேராக பெல்லந்தூர் ஏரிக்குப் போனது. 2017-லும் 2018-லும் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது, தண்ணீர் எரிந்தது, எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தேன். அதோடு ஒப்பிட்டால் சுத்திகரித்துக் கோலாருக்கு அனுப்புவது எவ்வளவோ மேல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பில் தனி எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. கரண்ட் பில் ஏறுகிறது என்று அதன் ஊதுகுழலைப் பாதி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் கேட்டபோது, "மேடம், நாத்தம் வரலையே, அப்புறம் என்ன" என்றார்கள். காற்று ஊதாவிட்டால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

கெலவரப்பள்ளி

எல்லாரும் கோலாரையே பேசுகிறீர்கள். பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி எங்கள் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிற தண்ணீர் என்ன ஆச்சு? நுரை மட்டும் வருகிறது. மதகு திறந்தால் பனிமலை மாதிரி எழும்பி ரோட்டுக்கு வரும், டிவிக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். சுத்திகரித்தது கோலாருக்கு, சுத்திகரிக்காதது எங்களுக்கா?

நாங்கள் பேப்பர் போட்டுக் கேட்காமல் இருபது வருஷமாக இந்தத் தண்ணீரில்தான் ரோஜாவும் கீரையும் வளர்க்கிறோம். எங்களை யாரும் "திட்டம்" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலாறு

இதுதான் விஷயம். பெண்ணையாற்றுப் படுகையில் உருவாகும் தண்ணீரைத் தூக்கிப் பாலாற்றுப் படுகை ஏரிகளில் விடுகிறார்கள். வேலூர்க்காரன் நான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் அந்த ஏரிகள் வழிந்து எங்கள் வரைக்கும் வந்து சேருவதற்குள் எத்தனை தடுப்பணை! வந்தால் மழை வருஷத்தில்தான்.

சொட்டுநீர்

இஸ்ரேலில் நெகேவ் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே ஊதா நிறக் குழாய் கண்டால் சுத்திகரித்த தண்ணீர் என்று அர்த்தம். நாட்டின் கழிவுநீரில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு விவசாயத்துக்குப் போகிறது. டெல் அவிவ் சுற்றுவட்டார நகரங்களின் சாக்கடை முழுக்க ஷஃப்தான் என்ற இடத்தில் சேர்கிறது. கோலாரைப் போலவே இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புத்தான். அதைக் கடற்கரை மணலில் பாத்தி கட்டி விடுகிறார்கள். ஒரு நாள் நிரப்புவது, அப்புறம் காயவிடுவது, மறுபடி நிரப்புவது. மணல் வழியாக இறங்கி, பல மாதம் நிலத்தடியில் கிடந்த பிறகு, சுற்றியுள்ள கிணறுகளில் எடுத்து நெகேவுக்கு அனுப்புகிறார்கள்.

இதைச் சொல்லிக் கோலாரிலும் அதே கதைதான் என்று சில பேர் பேசுவார்கள். அங்கே நான் தயங்குகிறேன். ஷஃப்தானில் இருப்பது மணல். ஒவ்வொரு துளியும் கோடிக்கணக்கான மணல் துகளை உரசிக்கொண்டுதான் இறங்கும். கோலாரில் இருப்பது பாறை. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே வெடிப்பு. வெடிப்பில் தண்ணீர் வடிகட்டப்படாது, ஓடும். ஏரியின் அடியில் படிந்த வண்டல் கனமாக இருந்தால் வடிகட்டும். அந்த வண்டலை ஜே.சி.பி. வைத்து அள்ளிச் செங்கல் சூளைக்கு விற்றிருந்தால் ஓட்டை வாளிதான். அண்ணா, உங்கள் ஏரியில் மண் அள்ளினார்களா?

இன்னொன்று. ஹீப்ரு பல்கலைக்கழகத்தார் 2016-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு வாரம் நல்ல தண்ணீர்க் காய்கறி, ஒரு வாரம் சுத்திகரித்த தண்ணீர்க் காய்கறி என்று ஆட்களுக்குக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின் மாத்திரையின் தடயம் இரண்டாவதில் ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிற நோயாளியிடம் இருப்பதைவிட மிக மிகக் குறைவுதான். ஆனால் ஒரு ஊர் விழுங்கும் மாத்திரை இன்னொரு ஊர் சாப்பாட்டுத் தட்டுக்கு வர முடியும் என்பது நிஜம். இதைச் சொன்னதும் சில பேர் "பார்த்தாயா, விஷம்" என்பார்கள். அந்த நாட்டில் அந்தக் காய்கறியை இன்றைக்கும் சாப்பிடுகிறார்கள், கூடவே ஆராய்ச்சியும் செய்கிறார்கள். சோப்புத்தூளில் போரான் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், ஏனென்றால் போரான் எலுமிச்சை, ஆரஞ்சு இலையின் ஓரத்தைக் கருக்கும். விவசாயிக்காகச் சோப்புக் கம்பெனியை மாற்றியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

முசுக்கொட்டை

சிந்தாமணிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். எங்கள் ஏரிக்கும் இந்தத் தண்ணீர் வருகிறது. நாலு வருஷமாகப் பார்த்ததைச் சொல்கிறேன், ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாது.

முதலில் உயிர் வந்தது எங்கள் மாமனார் வெட்டிய பழைய கிணற்றுக்கு. குப்பை கொட்டி வைத்திருந்தோம், அதில் தண்ணீர் ஊறி வந்தபோது மாமியார் கற்பூரம் ஏற்றினார். போர் அப்புறம்தான் ஏறியது. மல்பெரி இலை நன்றாகக் கருகருவென்று வருகிறது. யூரியா முன்பு போட்டதில் பாதிதான். புழு நன்றாகத் தின்கிறது, கூட்டிலும் குறை இல்லை.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. சாயங்காலம் ஆனால் கொசு, உட்கார முடியாது. சொட்டுநீர்க் குழாயில் பச்சை வழவழப்புப் பிடித்து அடைக்கிறது. டிஸ்க் ஃபில்டரை வாரம் இரண்டு தடவை கழற்றிக் கழுவுகிறேன். ஏரியிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து எடுக்கக் கூடாது, நிலத்தடியில் இறங்கியதைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் கரையில் வந்து நின்று பாருங்கள், எத்தனை டீசல் இன்ஜின் சத்தம் கேட்கிறது என்று. அந்தத் தண்ணீர் நேராகக் கொத்தமல்லிக்கும் கீரைக்கும் போகிறது. காலையில் கட்டுக் கட்டிச் சந்தைக்கு. எனக்குப் பயம் அதில்தான், போரில் இல்லை.

நொய்யல் கரை

அக்கா நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. நாலு வருஷம் எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது. மண் சொல்வதற்குப் பத்து வருஷம் ஆகும்.

தங்கவயல்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஏரியில் மண் அள்ளினார்கள், சொட்டுநீர் தம்பி. கிழக்குப் பக்கம் மூன்று ஆள் ஆழம். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தோட்டத்து வீட்டில் நாங்கள் குடிப்பதும் அதே போர்த் தண்ணீர். தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வண்டல் ஐயா, எதையெதைச் சோதிக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

வண்டல்

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி! வயலை விடுங்கள். குடிதண்ணீரை இன்றைக்கே மாற்றுங்கள். ஊரில் ஆர்.ஓ. கேன் கிடைக்கும் இல்லையா, அதையே சமையலுக்கும் வையுங்கள், ரிசல்ட் வரும்வரை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பால்பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு நைட்ரேட் ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும்.

எடுக்கும் முறை: மோட்டார் அரை மணி நேரம் ஓடிய பிறகு பிடியுங்கள். உப்புச் சோதனைக்குச் சாதாரண பாட்டில் போதும், அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி. கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் சுத்தம் செய்த பாட்டில்தான். ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

கேட்க வேண்டியது: இ.சி. (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவு), சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு, போரான், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி. கையில் காசு இருந்தால் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல்.

பழைய சோதனைச் சீட்டு ஏதாவது இருந்தால் தேடுங்கள். கோலார் ஆழ்போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. பாறையில் பல காலம் கிடந்த தண்ணீரின் கையெழுத்து அது. நைட்ரேட் மேலிருந்து இறங்குவது: சாக்கடை, எரு, யூரியா. முன்பைவிட ஃப்ளோரைடு இறங்கி நைட்ரேட் ஏறியிருந்தால், உங்கள் போருக்கு மேலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கவயல்காரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ரிசல்ட் வந்தது.

போர்: இ.சி. 1.5. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 52, ஃப்ளோரைடு 1.1. எஸ்.ஏ.ஆர். என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், 4. போரான் பயமில்லை என்றார்கள். நாலு உலோகமும் அளவுக்குள். ஈ.கோலை இல்லை. பக்கத்து நிலத்துத் திறந்த கிணற்றிலும் ஒரு பாட்டில் எடுத்தேன், அதில் ஈ.கோலை இருக்கிறது. 2014-ல் பஞ்சாயத்தில் சோதித்த பழைய சீட்டு அப்பா டிரங்குப் பெட்டியில் கிடைத்தது: அதே போரில் ஃப்ளோரைடு 2.3, நைட்ரேட் 9.

செலவு மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். இரண்டு டாக்ஸிச் சவாரி தனி.

வண்டல்

அழகான சீட்டு. பாட்டிலைவிட அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மேல்தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. பல்லையும் எலும்பையும் தின்ற ஃப்ளோரைடு இறங்கியிருக்கிறது, அது லாபம். நைட்ரேட்டுக்குக் குடிநீர் வரம்பு 45, நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கேனை நிறுத்தாதீர்கள். அது முழுக்க ஏரியால்தான் என்று சொல்ல மாட்டேன், சுற்றியுள்ள தக்காளித் தோட்டங்களில் கொட்டிய யூரியாவுக்கும் பங்கு உண்டு.

இனி வயல். இ.சி. 1.5 என்றால் லிட்டருக்குச் சுமார் 960 மில்லிகிராம் உப்பு. ஒரு ஏக்கர் பயிருக்கு அரை மீட்டர் தண்ணீர் கொடுத்தால் 20 லட்சம் லிட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒரு பருவத்தில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2 டன் உப்பை நீங்களே கொண்டுவந்து கொட்டுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாது. மழை நன்றாகப் பெய்தால் கழுவிக்கொண்டு கீழே போகும். பெய்யாத வருஷம் அப்படியே நிற்கும். நொய்யல்காரர் பத்து வருஷம் என்று சொன்னாரே, அது இந்தக் கணக்குத்தான். மாசிக்குள் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து ஒரு தடவை மண்ணைச் சோதியுங்கள்.

தக்காளி பாசனத் தண்ணீரில் 1.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். பீன்ஸும் கேரட்டும் 0.7-க்கு மேல் போனாலே முகம் சுளிக்கும். எஸ்.ஏ.ஆர். என்பது கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற கணக்கு. மண் இறுகும் பயம் இந்த எஸ்.ஏ.ஆரில் இப்போதைக்கு இல்லை.

நைட்ரேட் 52 என்றால் அதில் நைட்ரஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம் அளவு இருக்கும். அதே 20 லட்சம் லிட்டரில் 23, 24 கிலோ நைட்ரஜன், அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குமேல், இலவசமாக. அதைக் கழிக்காமல் வழக்கப்படி யூரியா போட்டால் தக்காளி செழித்துக் காடாக நிற்கும், காய் மட்டும் தள்ளிப்போகும்.

மாடிவீட்டுக்காரி

ஒரு கேள்வி. இந்த நாலாயிரத்தை ஏன் அவர் கொடுத்தார்? தண்ணீரை அனுப்புவது நாங்கள். எங்கள் சாக்கடைப் பிரச்சினை தீர்ந்தது. நாங்கள் கொடுக்கும் தண்ணீர் வரியில் சாக்கடைக்கும் பங்கு பிடிக்கிறார்கள். அதில் ஏரிக்கு ஒரு சோதனைச் சீட்டு சேர முடியாதா?

கெலவரப்பள்ளி

கேட்டீர்களே அம்மா. மாட்டுத் தீவன மூட்டைக்கே என்ன கலந்திருக்கிறது என்று சீட்டுத் தைத்துத்தான் விற்கிறார்கள்.

நொய்யல் கரை

சோதனை நடந்தால் மட்டும் போதாதுங்க. எங்களுக்கும் நடந்தது. சீட்டு ஆபீஸ் பீரோவில் இருந்தது. கோர்ட்டு கேட்டபோதுதான் வெளியே வந்தது. கரையில் போர்டு வைத்து மாசாமாசம் எழுத வேண்டும், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும், இ.சி. என்றால் என்ன என்று தெரியாத கிழவிக்கும் புரிகிற மாதிரி.

அப்புறம், முதலில் நான் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்க என்று எழுதினேன். அது கோபத்தில் எழுதியது. குடிக்கிற தண்ணீர் வேறு, பாய்ச்சுகிற தண்ணீர் வேறு என்று வண்டல் ஐயா பிரித்துச் சொன்ன பிறகு புரிகிறது. ஆனாலும் பயம் போகவில்லை.

சொட்டுநீர்

தக்காளி வைப்பதென்றால், அண்ணா, நாலு விஷயம் செய்யுங்கள். போர்த் தண்ணீர் மட்டும், ஏரித் தண்ணீரைத் தொடாதீர்கள், திறந்த கிணறும் வேண்டாம். மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டுக்கு அடியில் சொட்டுநீர். குச்சி நட்டு உயர்த்திக் கட்டுங்கள், காய் மண்ணைத் தொடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியில் இதற்குக் கணக்கு இருக்கிறது: உயரமாகக் காய்க்கும் பயிருக்குச் சொட்டுநீரில் கொடுத்தால் காயில் ஒட்டும் கிருமி பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். பறிப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால், வெயிலே மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் எல்லாரும் மறக்கிறார்கள். காயைக் கழுவும் தண்ணீர். சொட்டுநீரில் கவனமாக வளர்த்துவிட்டு, சந்தைக்குப் போகும் வழியில் கிரேட்டோடு ஏரியில் முக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முசுக்கொட்டை

அதேதான்! பளபளப்பாகத் தெரிய வேண்டுமாம்.

பாலாறு

இனிமேல் தக்காளி வாங்கும்போது தூசி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன்.

தங்கவயல்காரன்

நாலு மாதம் கழித்து வருகிறேன். யாராவது தேடிக்கொண்டு வந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

இரண்டு ஏக்கர் தக்காளி என்ற எண்ணத்தை விட்டேன். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, நாற்று முசுக்கொட்டை அக்கா சொன்ன இடத்தில் வாங்கினேன். முக்கால் ஏக்கர் தக்காளி, ஷீட் போட்டு, குச்சி கட்டி. மிச்சம் மாட்டுக்குத் தீவனச் சோளம். பீன்ஸ் வைக்கவில்லை.

கரை ஓரத்தில் நிலம் உள்ள ஆறு பேர் சேர்ந்து பணம் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு போர், ஒரு கிணறு, ஏரி என்று நாலு பாட்டில். சீட்டை டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறோம். முதல் தடவை ஒட்டியபோது ஏரியின் ஈ.கோலை எண்ணைப் பார்த்துவிட்டு, ராத்திரி இன்ஜின் வைக்கிறவர்களில் ஒருவர் கிழித்துவிட்டார். இரண்டாவது சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம், அனுப்புகிற இடத்துச் சோதனை எண்களைப் பஞ்சாயத்துக்குக் கொடுங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை. கேன் தண்ணீர்தான் ஓடுகிறது.

தக்காளி முதல் பறிப்பு முடிந்தது. வீட்டில் இன்னும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் ரசத்துக்குக் கடையில் தக்காளி வாங்கிவரச் சொல்லவில்லை.

முசுக்கொட்டை

குழந்தைக்கு வாழ்த்துகள் தம்பி. யூரியாவைக் குறைத்தீர்களா?

தங்கவயல்காரன்

ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைத்தேன் அக்கா. உரக்கடைக்காரர் மூன்று தடவை ஃபோன் போட்டு, "ஏன்ப்பா, வேற கடைக்குப் போயிட்டியா?" என்று கேட்டுவிட்டார்.